செத்த பிறகு போட்ட கையெழுத்து

இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசையான மொசார்ட்டின் ‘ரெக்வியம்’ கையெழுத்துப் பிரதி வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஆட்டோகிராஃப் பைத்தியங்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள். முதல் பக்கத்திலேயே மொசார்ட்டின் கையெழுத்து, பக்கத்திலேயே ஆண்டு: ‘792’, அதாவது 1792. ஒரே ஒரு சின்னச் சிக்கல். மனுஷன் 1791 டிசம்பர் 5 அன்றே போய்ச் சேர்ந்துவிட்டார்!

இந்த இசைக்கு ஆர்டர் கொடுத்தவர் வால்செக் பிரபு. இளம் வயதில் இறந்துபோன மனைவிக்காக. உருக்கம்தான், ஆனால் ஆர்டர் கொடுத்தது யார் என்பது மொசார்ட்டுக்கே பரம ரகசியம். காரணம், பிரபுவின் ஒரு வினோதப் பழக்கம். அடுத்தவர் இசையைக் காசு கொடுத்து வாங்குவார். சொந்தக் கையால் காப்பி எடுப்பார். வீட்டில் ஆட்களை விட்டு வாசிக்கச் சொல்லி, எழுதியது யார் என்று குவிஸ் வேறு! அவர் தயவில் பிழைக்கிற ஜனங்கள் என்ன சொல்வார்கள்? “தாங்கள்தானே பிரபு!” அவரும் மறுக்க மாட்டார். ஒரு புன்னகை, அவ்வளவுதான். எழுதியவர் பெயரை வெட்டிவிட்டு ஃபார்வர்டு செய்யும் நம் வாட்ஸ்அப் மாமாக்களுக்கு இவரே குலதெய்வம்.

மொசார்ட் பாதிப் பணத்தை அட்வான்ஸாக வாங்கிக்கொண்டு, வேலையையும் பாதியில் விட்டுப் போய்விட்டார். மனைவி கான்ஸ்டான்ஸே தலையில் இரண்டு பிள்ளைகள், ஏகப்பட்ட கடன். முடித்துக் கொடுத்தால்தான் மீதிப் பணம். அங்கே இங்கே அலைந்து கடைசியில் கணவரின் சீடர் சூஸ்மையரைப் பிடித்தார். அவர் எழுத்து அசப்பில் மொசார்ட் எழுத்து மாதிரியே இருக்கும். பிறகென்ன, மிச்ச இசையையும் எழுதி, குருநாதர் கையெழுத்தையும் அவரே போட்டுவிட்டார். தேதியில்தான் சொதப்பல்!

பிரபுவுக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் படும்? காப்பியில் தன் பெயரைப் போடுவதிலேயே மும்முரம். ‘இயற்றியவர் வால்செக் பிரபு’ என்று எழுதி, 1793 டிசம்பரில் ஜம்மென்று நடத்தியும் காட்டினார். அதே வருஷம் ஜனவரியிலேயே அது வியன்னாவில் மொசார்ட் பெயரில் அரங்கேறியிருந்தது. கான்ஸ்டான்ஸேயா கொக்கா!

1958-ல் அந்த ‘792’ பிரதியை பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சிக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். யாரோ ஒரு ரசிக சிகாமணி ஒரு பக்கத்தின் மூலையைக் கிழித்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார். கிழித்தது அந்தப் போலிக் கையெழுத்தை அல்ல, ஆசாமி விவரமானவர். மொசார்ட் தன் கையால் எழுதிய, ஒருவேளை கடைசியாக எழுதிய, சில எழுத்துகளை. அப்படி என்ன மரண வாசகம்? முன்னால் வந்த பகுதியை மறுபடி முதலிலிருந்து பாடுங்கள் என்று பாடகர்களுக்கு ஒரு குறிப்பு!

ஆளும் சிக்கவில்லை, துண்டுத்தாளும் கிடைக்கவில்லை. ஆட்டோகிராஃப் சேர்ப்பதில் பாதி சுகமே, வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டி வயிறெரிய வைப்பதுதான். இந்தப் புண்ணியவானால் மச்சினனிடம்கூடக் காட்டியிருக்க முடியாது.