ரெண்டாவது ஆள்

2019 மார்ச்சில், இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் பகுதியில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து இறங்கிய துப்பாக்கி ஒன்று 60 ஆயிரம் பவுண்டுக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 55 லட்ச ரூபாய். திப்பு சுல்தானுடையது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி மேஜர் ஒருவர் கப்பலேற்றிய சாமான்களோடு போனது. போரில் அடிபட்ட தடங்கள் வேறு. இன்று அதில் மருந்து கெட்டித்துச் சுட்டால் குண்டு எந்தப் பக்கமாக வரும் என்று ஏலம் விட்டவரே உத்தரவாதம் தரமாட்டார்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் இந்தச் செய்தியைக் கைபேசியில் காட்டினார் அவருடைய மாப்பிள்ளை. சரவணம்பட்டியில் கணினி வேலை பார்ப்பவர். பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"எந்தக் கிறுக்கன் மாப்பிள்ளை இத்தனை கொடுத்து வாங்குனது?"

"பேர் போடலைங்க மாமா."

பெரியவரின் வியப்பில் கொஞ்சம் ஊர்ப்பாசமும் உண்டு. கோயமுத்தூர்ச் சீமையே ஒருகாலத்தில் மைசூருக்கு வரி கட்டிய பூமி. அந்த வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்துக்கொண்டார் என்பதுதான் தீரன் சின்னமலை பற்றி இங்கே முதலில் சொல்லப்படும் கதை. அவரே பின்னாளில் திப்புவோடு சேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்த்தார் என்பது அடுத்த கதை. ஆக, 55 லட்சத்தில் நம்ம ஊர்ப் பாட்டன் பூட்டன் கட்டிய வரியும் கொஞ்சம் இருக்கும் என்று பெரியவர் கணக்குப் போட்டார்.

அவரிடமும் ஒரு துப்பாக்கி இருக்கிறது. அப்பாரு காலத்து ரெட்டைக்குழல், பன்னிரண்டு போர் ரகம். காட்டுப்பன்றி வந்தால் ஆகும் என்று லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறார். பன்றிகளுக்கு அது தெரியாது போலிருக்கிறது. துப்பாக்கி வீட்டில் இருக்கும்போதே வந்துபோகின்றன. தேர்தல் அறிவிப்பு வந்தால் துப்பாக்கி காவல் நிலையத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். முடிவு வந்த பிறகு வீட்டுக்கு வரும். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று வரிசை கட்டி வந்த ஆண்டுகளில் அது தோப்பு வீட்டில் இருந்த நாளைவிட ஸ்டேஷனில் இருந்த நாளே அதிகம்.

அன்றிலிருந்து மாமனும் மாப்பிள்ளையும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அமெரிக்க இணைய ஏலங்களை வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். அது தனி உலகம். வின்செஸ்டர் மாடல் 70 என்று ஒரு வேட்டை ரைபிள். 1964இல் செலவைக் குறைக்க கம்பெனி அதன் வடிவமைப்பை மாற்றியது. அதனால் 1963இல் செய்ததற்கு ஒரு விலை, அடுத்த ஆண்டு செய்ததற்குப் பாதிகூடத் தேறாத ஒரு விலை. இரண்டாலும் மான் சாகும். மானுக்கு வித்தியாசம் தெரியாது. இன்னொரு பக்கம், உலகப்போரில் தோற்ற நாட்டுச் சிப்பாயிடமிருந்து பிடுங்கி வந்த ரைபிள்கள். அதைக் கொண்டுவர மேலதிகாரி கொடுத்த அனுமதிச் சீட்டு கூடவே இருந்தால் விலை ஒரே தாவலில் ஏறும். அதாவது, இரும்புக்கும் மரத்துக்கும் ஒரு விலை, பழுப்பேறிய காகிதத்துக்குத் தனி விலை. பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஒரு தடவையாவது நின்ற எவருக்கும் இது புரியாமல் போகாது. புலிவேட்டைக்காரர் ஜிம் கார்பெட் கையில் இருந்த ரெட்டைக்குழல் ரைபிள் ஒன்று 2015இல் இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டியது. அதில் புலிகளின் பங்கு எவ்வளவு, எழுதிய புத்தகங்களின் பங்கு எவ்வளவு என்று யார் பிரிப்பது?

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு கிறுக்கன் இருப்பான் போல" என்றார் பெரியவர்.

இங்கேதான் பெரியவர் தடம் மாறுகிறார். ஒரு கிறுக்கன் இருந்தால் ஏலத்தில் விலை ஏறவே ஏறாது. ஐம்பது லட்சம் மடியில் கட்டிக்கொண்டு வந்தவர் ஒற்றை ஆளாக நின்றால், ஆரம்ப விலைக்கே பொருளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அவரை 55 லட்சம் வரை இழுத்துப்போக, 54 லட்சம் வரைக்கும் கூடவே வந்து, கடைசியில் மூச்சு வாங்கி நின்ற இன்னொருவர் வேண்டும். விலையைத் தீர்மானிப்பவர் அவர்தான். ஆனால் பேச்செல்லாம் ஜெயித்தவரைப் பற்றியே. வயித்தெரிச்சல் மட்டும் ரெண்டாவது ஆளுக்கு.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. 2024 மகாசிவராத்திரியை ஒட்டி, ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே பழப்பூசையன் கோயிலில் சாமிக்கு வைத்த ஓர் எலுமிச்சம்பழம் 35 ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் போனது. ஒரே பழம். அந்தப் பருவத்தில் ஈரோட்டு மஞ்சள் குவிண்டால் 20 ஆயிரத்தைத் தொட்டதையே ஊர் வாய்பிளந்து பேசிக்கொண்டிருந்தது. ஒரு பழத்தின் விலையில் ஒன்றே முக்கால் குவிண்டால் மஞ்சள்! பழம் இருக்கும் வீட்டில் செல்வமும் ஆரோக்கியமும் நிற்கும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஏலத்தில் நின்ற பதினைந்து பேருக்கும் பொது. அதற்குள் எவரோ ஒருவர் 35 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழே வரை வந்து வெறுங்கையோடு திரும்பியிருப்பார். அவருடைய நம்பிக்கைக்கும் ஜெயித்தவருடைய நம்பிக்கைக்கும் நடுவே ஒரு சிறு தொகைதான் இடைவெளி. அதே மாதம் விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தில் ஒன்பது பழம் 2 லட்சத்து 36 ஆயிரம். மறு ஆண்டு சிவராத்திரிக்கு மறுபடியும் சிவகிரி வட்டாரம், விளக்கேத்தி கிராமத்துக் கோயில்; அங்கே பழம் 13 ஆயிரத்தோடு நின்றுவிட்டது. சாமியின் சக்தி குறைந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. பங்காளி யாராவது அந்த வருடம் வெளியூர் போயிருக்கலாம்.

கொங்கு நாட்டுக்காரருக்கு ஏலம் தெரியாது என்று சொன்னால் தறி கூடச் சிரிக்கும். ஈரோடு, பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் மஞ்சள் குவியலுக்கு முன் வியாபாரிகள் நடப்பதைப் பார்க்க வேண்டும். விரலியை ஒடித்து நிறம் பார்ப்பார்கள், கிழங்கைக் கையில் உருட்டுவார்கள், முகத்தில் ஒரு சலனம் இருக்காது. விலையை வாயால் சொல்வதில்லை, எழுதித்தான் போடுவார்கள். அது மறைமுக ஏலம். பக்கத்தில் நிற்பவன் எவ்வளவு எழுதினான் என்று தெரியாது. தான் எழுதியதைத் தானே கட்ட வேண்டும். அதனால் ஒவ்வொரு ரூபாயும் யோசித்து விழும். காலையில் குவிண்டாலுக்கு ஐம்பது ரூபாய் சேர்த்து எழுத மனசு வராத கை, சாயங்காலம் கோயில் வாசலில் ஆயிரம் ஆயிரமாக உயருவதற்குக் காரணம் பக்தி மட்டுமில்லை. அங்கே எதிராளியின் முகம் தெரிகிறது. அந்த முகம் போன வருடம் வரப்புத் தகராறில் பார்த்த முகமாகவும் இருந்துவிட்டால், சாமி நேரில் வந்து போதும் என்றாலும் ஏலம் நிற்காது.

ரெண்டாவது ஆளின் மகிமையைக் கணக்காகப் போட்டுக் காட்டியவர் வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர். எல்லாரும் உறையில் விலை எழுதித் தரட்டும். அதிகம் எழுதியவருக்குப் பொருள். ஆனால் அவர் கட்ட வேண்டியது ரெண்டாவது ஆள் எழுதிய தொகை. இப்படி வைத்தால் யாருக்கும் குறைத்தெழுதி ஏமாற்றும் ஆசை வராது என்று 1961இல் நிறுவினார். 35 ஆண்டு கழித்து நோபல் பரிசு அறிவித்தார்கள். அறிவிப்பு வந்த மூன்றாம் நாள் இறந்துபோனார்.

இணையத்தில் இந்த விளையாட்டு இன்னும் கொடுமை. பல தளங்களில் கடைசி நொடி வரை பதுங்கியிருந்து பாய்ந்து தட்டிக்கொண்டு போகலாம். அமெரிக்காவின் பெரிய துப்பாக்கி ஏலத் தளத்தில் அது நடக்காது; முடியப்போகும் நேரத்தில் யாராவது கேட்டால் இன்னொரு பதினைந்து நிமிடம் காத்திருப்பார்கள். நம் ஊர் "ஒரு தரம், ரெண்டு தரம்" அதுதான். ரோஷம் வருவதற்குப் பதினைந்து நிமிடம் தாராளம். முகம் தெரியாததால் வரும் ஆபத்தும் உண்டு. 2025 நவம்பரில் ஹரியானாவில் ஒரு கார் நம்பர், 8888, ஐம்பதாயிரத்தில் தொடங்கி 1 கோடியே 17 லட்சம் வரை ஏறியது. ஜெயித்தவர் பணமே கட்டவில்லை. கைதட்டி முடித்த அரசாங்கம் அவருடைய சொத்துக் கணக்கைப் பார்க்கக் கிளம்பியது.

ரெண்டாவது ஆள் வராத ஏலம் எப்படி இருக்கும் என்பதற்கும் திப்புவே சாட்சி. 2023 மே மாதம் லண்டனில் அவருடைய படுக்கையறை வாள் ஏலத்துக்கு வந்தது. இருபது லட்சம் பவுண்டு போனால் அதிகம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். தொலைபேசியில் இருவர், அரங்கில் ஒருவர் மல்லுக்கட்டி 1 கோடியே 40 லட்சம் பவுண்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதே ஆண்டு அக்டோபரில், அதே ஊரில், திப்புவின் இன்னொரு வாள் வேறொரு ஏலக் கம்பெனியில் ஏறியது. சீந்துவாரில்லை. எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தார்கள்.

நம் பெரியவர் இதிலெல்லாம் இறங்க வழியில்லை. 1959 ஆயுதச் சட்டம் லைசென்ஸ் இல்லாமல் தொடவிடாது. 1980களின் நடுவில் தனியார் இறக்குமதியும் ஏறக்குறைய நின்றுபோனது. அதற்கு முன் கப்பலில் வந்து இறங்கியவைதான் இன்றும் கைமாறிக் கைமாறிச் சுற்றுகின்றன. அதனால் வெளிநாட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பழைய ரிவால்வருக்கு இங்கே லட்சங்களில் பேச்சு. 2019 கடைசியில் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் வைத்திருக்கலாம் என்றிருந்த மூன்றை இரண்டாக்கினார்கள். மூன்று வைத்திருந்தவர் எதை விடுவது என்று உறங்காமல் கிடந்திருப்பார். ஒன்றே வைத்திருந்த பெரியவர் நிம்மதியாக உறங்கினார்.

போன மாதம் திருப்பூரிலிருந்து ஒருவர் வந்தார். லைசென்ஸ் உள்ளவர். ரெட்டைக்குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விற்பதானால் முறைப்படி தகவல் கொடுத்துச் செய்துகொள்ளலாம், எழுபதாயிரம் தருகிறேன் என்றார்.

பெரியவர் மோர் டம்ளரை நீட்டினார்.

"நல்ல விலைதானுங்க. ஆனா இன்னொருத்தரும் கேட்டிருக்காருங்க."

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். அப்படி யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

"யாருங்க அவரு?"

"உங்க ஊருக்காரருதானுங்க. பனியன் கம்பெனி வெச்சிருக்காரு."

திருப்பூர்க்காரர் மோரைக் குடிக்காமல் கீழே வைத்தார். "எண்பது போட்டுக்கங்க" என்றார்.