வட்டியில்லா மாற்றம்

2009 ஜூன் 30ஆம் திகதியோடு ‘மைக்ரோசொஃப்ட் மணி’ கணக்கு மென்பொருளின் விற்பனை நின்றது. மறு ஆண்டு, பழைய கணக்கைத் திறந்து பார்த்துக்கொள்ள ‘மணி பிளஸ் சன்செட்’ என்ற இலவசப் பதிப்பு வந்தது. அஸ்தமனத்தையும் இலவசமாகத் தரும் இந்தப் பெருந்தன்மை, மேற்கே கடல் பார்த்து நிற்கும் கற்பிட்டிக்கு வெகு பொருத்தம்.

புதிய மென்பொருளுக்குக் கணக்கை மாற்றுவது அதைவிடச் சிறப்பு. இடையில் தூது போகும் கியூஐஎஃப் கோப்பில் திகதி இருக்கும். முன்னால் நிற்பது நாளா, மாதமா என்ற குறிப்பு இருக்காது. மார்ச் 4இல் மீன் வலைக்கு வாங்கிய கடன், மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்க வழக்கப்படி ஏப்ரல் 3க்கு நகர்ந்துவிடும். ஒரு மாத வட்டி மிச்சம்! 12ஆம் திகதி தாண்டிக் கடன்பட்டவருக்கு இந்த அருள் கிட்டாது. உடப்பிலும் முந்தலிலும் கடன்களை மாத முற்பாதியிலேயே வழங்க மத்திய வங்கி ஆவன செய்யலாம்.

கருவாட்டு வாடி முதலாளியோ இன்னும் திருந்தவில்லை. கொப்பி நிறைந்ததும் பழைய பாக்கியைப் புதுக் கொப்பியின் முதல் வரியில் எழுதிக்கொள்கிறார். திகதி புரள்வதில்லை, ஒரு சதமும் தொலைவதில்லை.

வாடிக்கு உடனே கணினி வேண்டுமென்று கடன்காரர்கள் மகஜர் தயாரிப்பதில் வியப்பென்ன?