முதல் ஸ்கூட்டர் தேர்வியல்: கொக்கி அதிகாரம் உள்ளிட்டது

அலுவலகம் போய்வர முதல் ஸ்கூட்டர் வாங்கும் செயலில் மூவர் பங்குகொள்வர்: பணம் கட்டுபவர், விற்பவர், கேட்காமலே கருத்துச் சொல்பவர். முதலிருவரைப் பற்றி எழுத அதிகம் இல்லை. மூன்றாமவரே இத்துறையின் மூலநூல். எழுதி வைக்கப்படாத நூல் என்பதால் அதை இதுவரை எவரும் மறுத்ததில்லை. படிக்கக் கிடைக்காத நூலுக்கு ஆய்வுலகில் உள்ள மதிப்பு அறிஞர் அறிந்ததே.

இம்மூலங்கள் அலுவலக மரபு, மெக்கானிக் மரபு, மாமா மரபு என மூன்றாகப் பிரியும். தான் போன மாதம் வாங்கிய வண்டியையே ஊரும் வாங்கவேண்டும் என்பது அலுவலக மரபின் ஒரே நூற்பா. மெக்கானிக் மரபு எந்த வண்டியில் தொடங்கினாலும் அதன் பழைய மாடலே நல்லது என்று முடியும். அந்தப் பழைய மாடல் விற்பனையில் இருந்தபோது அதற்கும் முந்தியதே நல்லதாக இருந்தது.

மாமா மரபு ஆழமானது. 1946-இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் வெஸ்பாவையும், மறு ஆண்டு மிலான் நகரின் இன்னொசென்டி நிறுவனம் லாம்பிரெட்டாவையும் வெளியிட்டன. இரண்டுமே இந்தியா வந்தன. வெஸ்பா வழியில் 1972-இல் பஜாஜ் சேத்தக் பிறந்தது. ராணா பிரதாப்பின் குதிரையினுடையது அந்தப் பெயர். பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற வண்டியாதலால் அதன் குறைகளும் அருளாகவே கொள்ளப்பட்டன. காலையில் அதை ஒருபக்கம் சாய்த்து, நிமிர்த்தி, பிறகு உதைப்பது அக்கால வழக்கு. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் இறங்கவே சாய்த்தனர் என்பது பொறியியல் விளக்கம். குதிரைக்குத் தலைவணங்கும் தொல்சடங்கின் எச்சம் அது என்று சடங்கியல் நோக்கில் விளக்கவும் இடமுண்டு. அதற்குச் சால்வையும் சான்றிதழும் தரும் கருத்தரங்கு ஒன்று தேவை. பதிவுக் கட்டணம் செலுத்தியவரின் கட்டுரை அங்கே ஏற்கப்படாமல் போவதில்லை.

காலப் பகுப்பு வருமாறு. கியர்க் காலம் சேத்தக்கினுடையது. 1984-இல் கியர் இல்லாத, பொத்தானை அழுத்தினாலே கிளம்பும் கைனடிக் ஹோண்டா வந்தது. 1990-களில் ஓசூரிலிருந்து வந்த டிவிஎஸ் ஸ்கூட்டி, கல்லூரி மாணவியரிடம் சாவியைக் கொடுத்தது. 2001-இல் ஹோண்டாவின் ஆக்டிவா வந்தபின் மற்ற எல்லா வண்டியும் ஆக்டிவாவோடு ஒப்பிட்டே பேசப்படுகிறது. 2009 இறுதியில் ஸ்கூட்டர் தயாரிப்பையே விடுவதாக அறிவித்த பஜாஜ், 2019-இல் அதே சேத்தக் பெயரை மின்வண்டிக்குச் சூட்டித் திரும்பியது. இடைப்பட்ட பத்தாண்டை இருண்ட காலம் என்று குறிப்பது முறை. தமக்குச் சான்று கிடைக்காத காலத்துக்கு அப்பெயரிடுவது வரலாற்றாசிரியர் வழக்கம். இருட்டு காலத்திலா, அறையிலா என்பதை அவர்கள் குறிப்பதில்லை.

இன்று வாங்குபவருக்கு இன்ஜின் பெரும்பாலும் 110 சிசி அல்லது 125 சிசி. பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு தினமும் கத்திப்பாரா மேம்பாலம் ஏறுபவருக்கு 125.

பெட்ரோலா மின்சாரமா என்னும் வினாவுக்கு விடை வண்டியில் இல்லை. வீட்டுச் சுவரில் உள்ளது. தரைத்தளத்தில் தன் மீட்டரிலிருந்து வரும் பிளக் பாயின்ட் உள்ளவருக்கு மின்வண்டி எளிது. மூன்றாம் மாடிவாசி பால்கனியிலிருந்து ஒயரை இறக்கவேண்டும்; இறங்கும் ஒயர் இரண்டாம் மாடிவாசியின் கொடித்துணி வழியே செல்லும்; அங்கிருந்து இது மின்னியலை விட்டு அண்டைவீட்டு உறவியலுக்குள் நுழைகிறது. சென்னை ஐஐடியில் படித்த இருவர் 2013-இல் தொடங்கிய ஏத்தர் ஓசூரில் வண்டி செய்கிறது. ஓலாவின் தொழிற்சாலை போச்சம்பள்ளி அருகே உள்ளது. டிவிஎஸ் முன்பே ஓசூரில் இருக்கிறது. ஆக, மாம்பழத்துக்குப் பேர்போன கிருஷ்ணகிரி மாவட்டமே மின்ஸ்கூட்டருக்கும் தாய்நிலம். மாவுக்கும் மின்கலத்துக்கும் உள்ள உறவை நிறுவும் முனைவர்பட்ட ஆய்வேடு இன்னும் வரவில்லை. தலைப்பு பதிவாகியிருக்கக் கூடும்.

கியர் இல்லாத வண்டி என்பது ஓட்டுபவரின் பார்வை. உள்ளே, இன்ஜினின் வேகம் கூடக்கூட வேரியேட்டரில் உள்ள சிறு உருளைகள் வெளிப்புறமாக ஒதுங்கி, கப்பியின் இரு தகடுகளை நெருக்கி, பெல்ட்டை மேலே ஏற்றுகின்றன. பின்கப்பியில் அதே பெல்ட் உள்ளிறங்குகிறது. விகிதம் தானாக மாறுகிறது. கியரைக் குறைத்து வண்டியை அடக்கும் வழி இதில் இல்லாததால் பிரேக்கே கதி. 125 சிசி வரையான வண்டிகளுக்கு இணைந்த பிரேக் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். ஸ்கூட்டரில் இடக்கைப் பிடியை அழுத்தினால் இரு சக்கரத்திலும் பிடிக்கும். முன்பிரேக்கைத் தொட்டால் வண்டி குப்புறக் கவிழும் என்னும் மாமா மரபின் அச்சத்தை அரசாணையே கடந்து போய்விட்டது (மாமா, வாய்மொழி).

மைலேஜ் பாடபேதங்கள் நிறைந்த பகுதி. நிறுவனப் பாடம் எதிரே வேறு வண்டியே வராத சாலையில் எழுதப்பட்டது. உரிமையாளர் பாடம் கேட்பவரைப் பொறுத்து மாறும். நண்பரிடம் 55, வண்டியை விற்கும்போது 60, பெட்ரோலுக்குப் பணம் கேட்கும் மகனிடமும் அதே 60, பெட்ரோல் செலவைத் திருப்பித்தரும் அலுவலகத்தில் 35. மூலபாடம் எது எனத் துணிய, தொட்டி நிறையப் போட்டு, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுமுறை நிறைக்க ஆன லிட்டரால் வகுத்தால் போதும். அவ்வாறு செய்தால் 110 சிசி வண்டி நெரிசலில் 45 அளவில் தருவது தெரியவரும். இம்முறை விவாதத்தை முடித்துவிடும் தன்மையுடையது. எனவே அறிஞர் கையாள்வதில்லை.

சீட்டுக்கு அடியில் உள்ள பெட்டியில் தத்துவச் சிக்கல் ஒன்று உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு ஓட்டுபவர், பின்னிருப்பவர் இருவர் தலைக்கும் ஹெல்மெட் கேட்கிறது. 18 லிட்டர் ஆக்டிவா பெட்டி ஒரு தலைக்கே இடம் தரும். அதுவும் முழுமுக ஹெல்மெட் என்றால் உறுதியில்லை. 2021-இல் வந்த டிவிஎஸ் ஜூபிடர் 125 பெட்ரோல் தொட்டியைக் காலடிப் பலகைக்குக் கீழே தள்ளி, 33 லிட்டர் இடம் கண்டு, இரு தலைக்கும் வழி செய்தது. மற்றப் பல வண்டிகளில் ஒரு ஹெல்மெட் பெட்டிக்குள்ளும், மற்றது முன்னே கொக்கியிலும் தங்கும்.

கொக்கி. ஸ்கூட்டரின் உறுப்புகளில் ஆய்வாளர் கைபடாது கிடப்பது இதுவே. விளம்பரத்தில் கொக்கியைக் காட்டுவதில்லை. ஷோரூமில் கேட்டால், விற்பனையாளர் குனிந்து தேடிவிட்டுத்தான் உண்டு என்கிறார். ஆயினும் ஒரு குடும்பத்தின் காய்கறி, இட்லி மாவு, பூ, மருந்து, டிபன் பை, கட்டிவாங்கிய சாம்பார் அனைத்தும் வீடு வந்து சேர்வது விரல்நீளமுள்ள இப்பொருளால்தான்.

இருக்குமிடம் பற்றிக் கொக்கி இருவகை: கைப்பிடிக்குக் கீழே முன்தகட்டின் உட்புறம் உள்ளது மேற்கொக்கி, சீட்டின் மூக்கடியில் உள்ளது கீழ்க்கொக்கி. இயல்பு பற்றி மூவகை: நிலைக்கொக்கி, மடக்குக்கொக்கி, இல்லாக்கொக்கி. கடைசி வகையுடைய வண்டியில் பை கண்ணாடித் தண்டிலோ ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ தொங்கும். இல்லாததை வகையாக எண்ணலாமா என்பது ஒரு சாராரின் தடை. ஆளில்லாப் பணியிடங்களைப் பல்கலைக்கழகங்கள் துறைதோறும் எண்ணிவருவதைச் சுட்டி விடையிறுப்பர் மறுசாரார்.

கொக்கி வரலாற்றின் திருப்புமுனை 2019 ஜனவரி 1. அன்று ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. அதற்கு முந்தைய பை மெல்லிய காதுடையது, எந்தக் கொக்கியிலும் நுழையும், நுழைந்தபின் நீளும், வேகத்தடையில் அறும். 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் துணிக்காதை மீட்டுக் கொண்டுவந்தது. துணிக்காது தடித்தது. மடக்குக்கொக்கியின் குறுகிய வாயில் இரு காதும் ஒருங்கே நுழைவது அரிது; ஒன்று நுழையும், மற்றது வெளியே நிற்கும். இதனை ஒற்றைக்காது நிலை என்க. இந்நிலையில் பை சரிய, முதலில் வெளியேறுவது எலுமிச்சை, அடுத்து தக்காளி. சேனைக்கிழங்கு கடைசிவரை நிற்கும். கொக்கி செய்பவர் பிளாஸ்டிக் காலத்திலேயே நின்றுவிட்டார் என்பது இதனால் பெறப்படும்.

தொங்கும் பை எந்தப் பக்கம் ஆடும் என்பதில் பெரும் பூசல் உண்டு. இடமுழங்காலையே இடிக்கும் என்பது முதற்கொள்கை (கீழ்வீட்டு அக்கா, வாய்மொழி). வளைவைப் பொறுத்து மாறும் என்பது திருத்தம் (மேற்படி அக்கா, தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தபோது சொன்ன பாடம்). பையில் தேங்காய் இருந்தால் வலப்பக்கமும், கீரை மட்டுமே இருந்தால் ஆடாமலும் இருக்கும் என்பது முடிந்த முடிபு (மேற்படி, லாரி வராத நாளின் விரிவுரை, மூன்றாம் குடம், கீழ்ப்பகுதி நனைந்தது, ஒப்பிடுக: எதிர்வீட்டுத் தாத்தாவின் மறுப்பு, திண்ணைப் பதிப்பு, அவர் உறங்கிவிட்டதால் முற்றுப்பெறாதது, அதன்மேல் பேரன் எழுதிய உரை, கணக்கு நோட்டின் பின் அட்டை, பேனா மை தீர்ந்த இடம் வரை). தேங்காய் கருதியே இம்முடிபு என்பதால், தேங்காய்ப் பகுதி இடைச்செருகல் என ஐயுறுவோரும் உளர். பொதுவாக, தம் கொள்கைக்கு ஒத்துவராத வரி இடைச்செருகல் எனப்படும்.

ஹெல்மெட் கொக்கியில் தொங்கும்போது பைக்கு இடமில்லை என்பதும், பை தொங்கும்போது ஹெல்மெட் தலையில் ஏறுவதும் கவனிக்கத்தக்கன. சட்டத்தை நிலைநாட்டுவதில் காய்கறிக்கு உள்ள பங்கு இதுவரை பேசப்படவில்லை.

காலடிப் பலகைக்கும் தனி அதிகாரம் எழுதலாம். கொக்கி இடத்தைப் பிடித்துக்கொண்டது. அகலமாகவும் மேடுபள்ளமில்லாமலும் இருந்தால் 20 லிட்டர் தண்ணீர் கேன் நிற்கும். இரும்பு எடையோடு 30 கிலோ அளவுள்ள சமையல் சிலிண்டரும் அங்கேயே பயணம் செய்வதைக் காணலாம். அப்போது ஓட்டுபவரின் கால்கள் வண்டிக்கு வெளியே இருக்கும், அது பரிந்துரைக்கத்தக்கதன்று. சுமையே நோக்கம் எனில் டிவிஎஸ் எக்ஸ்எல் வாங்குக.

நிறம்: வீட்டில் முடிவு செய்யப்பட்டது.

இவை தவிர, சீட்டில் உட்கார்ந்தால் இரு பாதமும் தரையில் ஊன்றுகின்றனவா, சென்டர் ஸ்டாண்டை ஒருவரே போட முடிகிறதா, மழைக்குத் தண்ணீர் தேங்கும் தெருவுக்குச் சைலன்சர் போதிய உயரமா, சர்வீஸ் சென்டர் போகிற வழியில் இருக்கிறதா என்று சிலர் பார்ப்பதுண்டு. வண்டியை உண்மையில் ஓட்டப்போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. எந்த மரபிலும் இவற்றுக்கு உரை இல்லை.

விலையில் இரண்டு உண்டு: சொல்லப்படுவது, கட்டப்படுவது. ஷோரூம் விலையோடு சாலை வரி, பதிவு, காப்பீடு சேரும். மூன்றாம் தரப்புக் காப்பீட்டைப் புது வண்டிக்கு ஐந்தாண்டுக்குச் சேர்த்தே எடுக்கவேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து இது நடைமுறை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையான பெட்ரோல் வண்டிகளின் ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனது. குறைந்த தொகையை எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ் என்ற பெயரில் வரும் மேட், சீட் கவர், பளபளப்புப் பூச்சு ஆகியவை ஓரளவு ஈடுசெய்ய முயலும். வேண்டாம் என்று சொல்ல வாங்குபவருக்கு உரிமை உண்டு. சொன்னவர் உண்டு என்பதற்கே சான்று அரிது.

உரிமத்துக்கு எல்எல்ஆர் எடுத்து, ஆர்டிஓ மைதானத்தில் கால் ஊன்றாமல் 8 போடவேண்டும். கியர் இல்லா வண்டிக்கென வாங்கிய உரிமம் கியர் பைக்குக்குச் செல்லாது. பின்னாளில் பைக் வாங்கும் எண்ணம் உள்ளவர் தொடக்கத்திலேயே கியர் வண்டியில் போட்டுவிடுவது மேல். 8 போட்டு உரிமம் பெற்றவர் அடுத்துச் செய்வது, பதிவெண்ணின் கூட்டுத்தொகை 8 வராமல் பார்த்துக்கொள்வது. எட்டு சனிக்குரியது என்பர். ஒரே எண் மைதானத்தில் தகுதியாகவும் நம்பர் பிளேட்டில் தோஷமாகவும் இருப்பதை விளக்க முயன்ற உரைகாரர் எவருமில்லை. பிடிக்காத எண்ணைத் தவிர்க்கக் கட்டணம் கட்டி வேறு எண் கேட்கும் வழி இருப்பதால், சனியால் அரசுக்கு வருவாய் உண்டு என்பது மட்டும் உறுதி.

டெலிவரி ராகு காலம் நீங்கிய நேரத்தில் நிகழும். ஆடியில் தள்ளுபடி உண்டு, வாங்குவோர் குறைவு. ஆவணியில் வாங்குவோர் உண்டு, தள்ளுபடி குறைவு. மஞ்சள் குங்குமம் இட்டு, மாலை சாத்தி, சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு எலுமிச்சை வைத்து நசுக்கியபின் வண்டி வாயிலைத் தாண்டும். தொட்டியில் பக்கத்துப் பெட்ரோல் பங்க் வரை போகவே எண்ணெய் இருக்கும். அங்கே வரிசையில் நிற்கும்போது முன்னால் இருப்பவர் திரும்பி, மைலேஜ் எவ்வளவு தருகிறது என்று கேட்பார். அதற்கான விடையும் முதல் சர்வீஸும் இந்நூலின் எல்லைக்கு வெளியே உள்ளவை.