அண்ணாச்சியின் அருமருந்து

மனமுடைந்தவனை ஆற்றத் தெரிந்தவர் ஊருக்கு ஒருவர் இருந்தாலே பெரிது. எங்களுக்கு நீங்கள் வாய்த்தீர்கள், அண்ணாச்சி. பல வருஷம் பழகியவளின் கல்யாணப் பத்திரிகை, மாப்பிள்ளை பெயர் வேறாக, நம் பயலின் வாட்ஸ்அப்புக்கு வந்த வாரமே அவன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டீர்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் நாங்கள் தயங்கி நின்றோம். உங்களுக்கு ஏது தயக்கம்? ஒரு கையில் படம் ஏற்றிய பென்டிரைவ், மறு கையில் அரைக்கிலோ அல்வா. ஏற்கெனவே அல்வா வாங்கியவனுக்கு மேலும் அல்வா கொடுக்கும் யோசனை திருநெல்வேலியிலேயே வேறு யாருக்கும் வந்திருக்காது.

படத்தைத் தேர்ந்தெடுத்த நேர்த்தியைத் தனியாகச் சொல்ல வேண்டும். இயக்குநர் ஸ்ரீதர்தான். ஆனால் அவருடைய 1959 ‘கல்யாணப் பரிசு’ம் வேண்டாம், 1962 ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படமும் வேண்டாம் என்று ஒதுக்கினீர்கள் பாருங்கள், அங்கேதான் உங்கள் கூர்மை. முதல் படத்தில் காதலைப் பறிகொடுத்தவன் இருக்கிறான். அடுத்ததில், பழைய காதலியின் கணவனைப் பிழைக்கவைக்கப் பாடுபடும் டாக்டர் இருக்கிறார். அவற்றைப் போட்டிருந்தால் தன்னைப்போல் ஒருவனைக் கண்டு பயல் வாய்விட்டு அழுதிருப்பான். அந்த ஆபத்தை முளையிலேயே கிள்ளிவிட்டு, 1964-ல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யைக் கொண்டுவந்தீர்கள். ரவிச்சந்திரனுக்கு ராஜஸ்ரீ, முத்துராமனுக்குக் காஞ்சனா, நாகேஷுக்குச் சச்சு. ஒருவர்கூட மிச்சமில்லை. காதலில் தோற்றவனே இல்லாத ஓர் ஊரை, தோற்றவனுக்கு ஈஸ்ட்மென் கலரில் சுற்றிக் காட்டியது எப்பேர்ப்பட்ட கருணை!

படம் ஓடும்போதே பாடமும் எடுத்தீர்கள். வேலையிலிருந்து நீக்கிய முதலாளியின் வீட்டுக்கு எதிரிலேயே ரவிச்சந்திரன் கூடாரம் அடிக்கிறார். பணக்கார அப்பா தேவைப்பட்டதும், நண்பன் முத்துராமனுக்கு வயோதிக வேஷம் போட்டு அப்பாவாக்கிக்கொள்கிறார். கடைசியில் முதலாளி மகள் கைக்கு வருகிறாள். “பாத்தியாடே, முயற்சி வேணும்!” என்று பயலின் தொடையில் தட்டினீர்கள். இவன் கூடாரம் போட வேண்டிய வாசலில் இப்போது கல்யாணப் பந்தல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற அற்ப விவரம் உங்கள் உற்சாகத்தைத் தொடவே இல்லை.

நாகேஷ் வாயாலேயே எல்லாச் சத்தத்தையும் எழுப்பி, பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் இடம் வந்தது. பாலையா பேசாமலே முகத்தால் நடுங்குவார். அந்த முகத்தை நாங்கள் பார்த்து அலுத்துவிடக் கூடாதென்று, அடுத்து வருவதையெல்லாம் முன்கூட்டியே நீங்கள் நடித்துக் காட்டினீர்கள். நீங்களோ திரையைப் பார்க்காமல் பயலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவன் சிரிக்கவில்லை. உடனே ரிமோட்டை எடுத்துப் பின்னுக்கு ஓட்டினீர்கள். மறுபடியும் சிரிக்கவில்லை. மறுபடியும் ஓட்டினீர்கள். விட்டால் போதும் என்று அவன் சிரித்துவைத்தபோது, “மருந்து பிடிச்சிட்டு!” என்று எங்களைப் பார்த்துக் கண்ணடித்தீர்களே, கைராசி என்றால் அது.

நடுவில் மதினி போன் செய்தார்கள். எழுந்து வெளியே போகும் பழக்கமெல்லாம் மனிதாபிமானம் இல்லாதவர்களுக்கு. அவன் தோளில் சாய்ந்தபடியே, “சாப்ட்டியாம்மா? இந்தா வந்துருதேன்” என்று குழைந்தீர்கள். இல்லற சுகம் இப்படித்தான் இருக்கும் என்று, அது கைநழுவிப் போனவனுக்கு அவ்வளவு பக்கத்தில் வைத்துக் காட்ட யாருக்கு மனம் வரும்?

ஒன்றிரண்டு முறை அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். “பொறு, இந்தப் பாட்டு முடியட்டும்” என்றீர்கள். பாட்டு முடிந்ததும் காமெடி, காமெடி முடிந்ததும் பாட்டு. தன் சோகத்தை ஒருவன் சொல்லத் தொடங்கினால் கேட்பவர்கள்தான் நெளிய வேண்டியிருக்கும். அந்தச் சங்கடத்திலிருந்து எங்கள் எல்லோரையும் காப்பாற்றினீர்கள். படம் முடிந்ததும், “இப்பம் மனசு லேசாயிட்டுல்லா?” என்று கேட்டுவிட்டு, மிச்ச அல்வாவையும் முடித்துவிட்டுத் தெம்பாகப் புறப்பட்டீர்கள். அந்த அறையில் ஒருவர் மனமாவது லேசானதே, அது சின்ன சாதனையா?

உங்கள் தொண்டு ஓங்குக. பிற்காலத்தில் எனக்கே இப்படி ஒன்று நேர்ந்தால், விஷயம் உங்கள் காதுக்கு எட்டாமல் நானே பார்த்துக்கொள்கிறேன், அண்ணாச்சி. என்னுடைய எளிய துக்கம் அவ்வளவு பெரிய வைத்தியத்தைத் தாங்காது.