காரணம்: மரியாதை நிமித்தம்

(மதுரை. கோர்ட் வாசலில் ஒரு டைப்பிங் கடை. பிரின்டர், ஜெராக்ஸ் மெஷின், பச்சைப் பேப்பர் கட்டு, ஒரு மர பெஞ்ச். வெள்ளைச் சட்டைப் பையில் மூன்று பேனா செருகிய ஒரு தம்பி வியர்க்க விறுவிறுக்க வருகிறார்.)

உதவியாளர்: அக்கா, அவசரமா ஒரு மறுப்பு அறிக்கை அடிக்கணும். அரைப் பக்கம்தான்.

பாக்கியம்: உட்காருங்க தம்பி. இன்னைக்கு நீங்க ஏழாவது ஆளு. ‘மேற்படி நபரை நான் ஒரே ஒரு முறை, மரியாதை நிமித்தமாக மட்டுமே சந்தித்தேன்.’ அதானே?

உதவியாளர்: நான் இன்னும் பேப்பரையே வெளியில எடுக்கலையே!

பாக்கியம்: மத்த ஆறு பேருக்கு அடிச்ச ஃபைல் அப்படியே கெடக்கு. பேரையும் தேதியையும் மாத்தினாப் போதும். உங்க அய்யா எந்தத் தேதியில மரியாதை செஞ்சாரு?

உதவியாளர்: கிண்டல் பண்ணாதீங்கக்கா. அய்யா பொது வாழ்க்கையில இருக்கிறவரு. நாலு பேரு கூப்பிடுவாங்க, நாலு இடத்துக்குப் போவாரு. இந்த நிதி நிறுவனச் சேர்மன் ஊர்ப் பணத்தை வாரிச் சுருட்டிட்டு உள்ள போவான்னு அய்யா என்ன ஜோசியமா பார்த்தாரு?

பாக்கியம்: சரி விடுங்க. அந்த ‘ஒரே ஒரு முறை’யை மட்டும் எடுத்துரலாமா?

உதவியாளர்: ஏன்?

பாக்கியம்: பதினோரு முறைன்னு இருக்கு.

(மேசை டிராயரைத் திறந்து, நூல் கோத்த ஒரு நகல் கட்டை எடுத்து வைக்கிறார்.)

சேர்மன் பங்களா கேட்டுல வச்சிருந்த விசிட்டர் நோட்டு. கோர்ட்டுல தாக்கலான ஆவணம். பணம் போட்டவங்களுக்கு நகல் மனு அடிச்சுக் கொடுத்ததே நான்தான். வாட்ச்மேன் கையெழுத்து, முத்து முத்தா இருக்கு பாருங்க. தேதி, பேரு, வந்த நேரம், போன நேரம், காரணம். முதப் பக்கத்துல ‘மரியாதை நிமித்தம்’னு பாவம் முழுசா எழுதியிருக்காரு. நாலாம் பக்கத்துல கை வலிச்சிருக்கு. ‘மரி. நி.’ன்னு ஆயிருச்சு. ஒன்பதாம் பக்கத்துலேர்ந்து ‘மேற்படி’. கடைசியில அதுவும் இல்ல, சும்மா ரெண்டு கோடு.

உதவியாளர்: நோட்டுல பேரு இருந்தா குத்தவாளியா? எங்க வக்கீல் தெளிவா சொல்லிட்டாரு. கணக்குப் புத்தகத்துல இருக்கிற பதிவை மட்டும் வச்சு ஒருத்தரைப் பொறுப்பாக்க முடியாதுன்னு 1872 சாட்சியச் சட்டத்துலயே 34-ஆம் பிரிவு இருக்கு. 1998-ல உச்ச நீதிமன்றம் அதுக்கும் மேல போயி, தனித்தனித் துண்டுத் தாளெல்லாம் கணக்குப் புத்தகமே ஆகாதுன்னுருச்சு.

பாக்கியம்: உங்க வக்கீல் சொன்னது சரிதான். முப்பது வருஷமா அந்தப் பிரிவை அடிச்சு அடிச்சு என் விரல் தேஞ்சிருச்சு. புதுச் சட்டத்துல நம்பர் 28, சரக்கு அதே சரக்கு. நோட்டுல பேரு இருக்கிறவனெல்லாம் திருடன்னு நானும் சொல்ல மாட்டேன். பக்கத்துக்குப் பக்கம் பால்காரரு பேரு இருக்கு. காரணம்: ‘பால்’. அந்த மனுஷன் மட்டுந்தான் இதுவரைக்கும் மறுப்பு அறிக்கை அடிக்க வரலை.

உதவியாளர்: அப்புறம் எதுக்கு இந்த டிவிக்காரங்க இப்படிக் குதிக்கிறாங்க?

பாக்கியம்: அவங்க எதுக்குக் குதிக்கிறாங்களோ, எனக்குத் தெரியாது. இந்த நோட்டுல ஒரு பத்திரிகை அதிபரும் ரெண்டு கோடு வாங்கியிருக்காரு, அவரு சேனல் மட்டும் குதிக்கலை. நான் ஒரே ஒரு பக்கத்தைக் காட்டுறேன். பதினேழாம் பக்கம். 4.10-க்கு உங்க அய்யா உள்ள போறாரு. 6.05-க்கு வெளிய வர்றாரு. காரணம், ரெண்டு கோடு. அதுக்கு அடுத்த வரி: 4.25, ஓய்வு பெற்ற டீச்சரம்மா, கூட ரெண்டு பேரு. காரணம்: ‘முதிர்வுத் தொகை கேட்டு’. போன நேரம் 4.26. ஓரத்துல வாட்ச்மேன் குறிச்சிருக்காரு: ‘சேர்மன் ஊரில் இல்லை.’

உதவியாளர்: சரி, அதனால?

பாக்கியம்: சேர்மன் ஊர்லயே இல்லன்னா, உங்க அய்யா உள்ள யாருக்குத் தம்பி ரெண்டு மணி நேரம் மரியாதை செஞ்சாரு? சோபாவுக்கா?

உதவியாளர்: உள்ள ஏசி நல்லாருக்கும்.

பாக்கியம்: ஓ, நீங்களும் போயிருக்கீங்க.

உதவியாளர்: நான் வராண்டாவுலதான் இருந்தேன். அங்கயும் ஏசி. (சுதாரித்து) அதை விடுங்க. இதெல்லாம் தனிப்பட்ட தகவல்க்கா. ஒருத்தரு யாரு வீட்டுக்குப் போறாரு, எப்ப வர்றாருன்னு ஊரே படிக்கிறதா? தகவல் சட்டத்தையே 2023-ல மாத்தியாச்சு, தெரியுமில்ல?

பாக்கியம்: தெரியும். தனிப்பட்ட தகவல்னாலும் பொது நலன் இருந்தா கொடுக்கலாம்னு 8(1)(j)-ல முன்னாடி ஒரு வாசகம் இருந்துச்சு, அதை வெட்டிட்டாங்க. 8(2)-ன்னு ஒரு மூலையில பொது நலன் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டுக் கெடக்கு. அதை நம்பித்தான் பணம் போட்டவங்க இந்த நோட்டைக் கேட்டு முதல்ல ஆர்.டி.ஐ. போட்டாங்க. 10 ரூபா ஸ்டாம்பு ஒட்டி, 30 நாள் காத்திருந்து, ‘விசாரணை பாதிக்கும்’னு ஒரு வரி பதில் வந்துச்சு. மேல்முறையீடு பண்ணப்புறம் நகல் தந்தாங்க, பக்கத்துக்கு 2 ரூபா. பாருங்க, இதான்.

(இன்னொரு கட்டு. பக்கம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள்.)

உதவியாளர்: ஒண்ணுமே தெரியலையே.

பாக்கியம்: மறைக்க வேண்டியதை மறைச்சுட்டு மீதியைக் கொடுன்னு 10-ஆம் பிரிவு சொல்லுது. பட்டையைக் கழிச்சா தேதியும் பக்க நம்பரும்தான் மீதி. கறுப்பு மையை ஜெராக்ஸ் எடுத்து விக்கிற ஒரே கடை அதான். அதுகூடப் பரவால்ல. பின்னாடி திருப்புங்க, பணம் போட்டவங்க பட்டியல்.

உதவியாளர்: இது பளிச்சுன்னு இருக்கே.

பாக்கியம்: இருக்கும். பேரு, வீட்டு விலாசம், செல் நம்பர், போட்ட தொகை, ஒரு எழுத்துகூட மறைக்கலை. ஏமாத்தினவன் வீட்டுக்கு வந்து போனவங்களுக்குத் தனியுரிமை, ஏமாந்தவங்களுக்கு விளம்பரம்! இந்தப் பட்டியலு கைமாறிக் கைமாறி எங்கெங்கயோ போயிருச்சு. இப்ப தினம் ஒருத்தன் டீச்சரம்மாவுக்கு போன் பண்றான். ‘உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், 5,000 ரூபா முன்பணம் அனுப்புங்க’ங்கிறான். அந்தம்மா ஒரு தடவை அனுப்பியும் தொலைச்சாங்க.

உதவியாளர்: அது பாவம்தான்க்கா. ஆனா பேராசை யாரை விட்டது? மாசம் நூத்துக்குப் பத்து ரூபா வட்டி தர்றேன்னா நம்பலாமா?

(பாக்கியம் கீபோர்டிலிருந்து கையை எடுக்கிறார்.)

பாக்கியம்: இந்த வார்த்தைக்காகத்தான் தம்பி காத்திருந்தேன். பேராசை. ரிசர்வ் வங்கிகிட்ட அனுமதி வாங்கின நிதி நிறுவனமே வருஷத்துக்கு 12.5 சதவீதத்துக்கு மேல டெபாசிட்டுக்கு வட்டி தரக்கூடாது. மாசம் பத்துன்னா வருஷத்துக்கு 120. நடுவுல 107.5 சதவீதம் அந்தரத்துல தொங்குது. அதைத் தாங்கிப் பிடிச்சது எது? சேர்மன் ஆபீஸ் வரவேற்பறைச் சுவர்! ஆளுயர போட்டோ. உங்க அய்யா அவன் தோள்ல கை போட்டுக்கிட்டு. பக்கத்துல ஒரு சினிமாக்காரரு, ஒரு சாமியாரு, ரிட்டையர் ஆன பெரிய அதிகாரி ஒருத்தரு. எல்லாருக்கும் ஒரே மாதிரி பொன்னாடை. அந்த டீச்சரம்மா எனக்கு அஞ்சாப்பு எடுத்தவங்க. வகுத்தல் கணக்குல ஒரு புள்ளி மாறினாலும் முட்டி போட வைப்பாங்க. அவங்களுக்கா 120 சதவீதம் கணக்குத் தெரியாது? ‘இவ்வளவு பெரியவங்க வந்து போற இடம், தப்பா இருந்தா வருவாங்களா பாக்கியம்?’னு என்கிட்டயே கேட்டாங்க. பத்திரத்தைப் படிச்சுப் பார்த்துப் பணம் கட்டலை, அந்தச் சுவத்தைப் பார்த்துக் கட்டினாங்க! உங்க அய்யா பணம் வாங்கினாரா இல்லையான்னு கோர்ட்டு பார்த்துக்கும். மூஞ்சியை வாடகைக்கு விட்டாரே, அதுக்கு எந்த நோட்டுல ரசீது?

(சத்தம் கேட்டு எதிர்க் கடை டீ மாஸ்டர் எட்டிப் பார்க்கிறார். பெஞ்சின் அந்தக் கோடியில் மஞ்சள் பையோடு ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருப்பதை உதவியாளர் இப்போதுதான் கவனிக்கிறார். பைக்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் டெபாசிட் பத்திரம், அதன் மடிப்பில் ஒரு விபூதிப் பொட்டலம். அவர் வரிசைக்குக் காத்திருக்கிறார், எதுவும் பேசவில்லை.)

உதவியாளர்: (குரல் இறங்கி) சட்டம் இருக்குல்லக்கா. பணம் வந்துரும்ல?

பாக்கியம்: இருக்கு. தொண்ணூறுகள்ல தமிழ்நாட்டுல பைனான்ஸ் கம்பெனிங்க வரிசையா ஷட்டரை இறக்கினப்ப, 1997-ல முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தாங்க. சென்னை, கோவை, மதுரைன்னு தனிக் கோர்ட்டு. பத்து வருஷம் வரைக்கும் ஜெயில். அபராதம் ஆளுக்கு ஒரு லட்சம் வரைக்கும். கோடிக்கணக்குல அடிச்சவனுக்கு ஒரு லட்சம், அது பார்க்கிங் கட்டணம் மாதிரி. சொத்தை முடக்கி, ஏலம் விட்டு, பங்கு பிரிச்சு, அது கைக்கு வர்றதுக்குள்ள வாரிசுச் சான்றிதழ் கேக்குறாங்க. 2019-ல மத்திய அரசும் ஒரு தடைச் சட்டம் போட்டுச்சு. சட்டத்துக்கு நம்ம ஊர்ல என்னைக்கும் பஞ்சமில்ல. ஆமா, அந்த 97 சட்டத்துல 8-ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. உங்க அய்யா படிச்சாரா?

உதவியாளர்: அது என்ன?

பாக்கியம்: முடக்கின சொத்து பத்தலைன்னா, நல்லெண்ணமும் இல்லாம, விலையும் வாங்காம சேர்மன் யார் யாருக்குப் பொருளைக் கை மாத்தி விட்டிருக்கான்னு கோர்ட்டு நோட்டீஸ் விட்டுக் கேக்கலாம். அதுக்காகவே இன்னொரு ஆவணம் தாக்கலாகியிருக்கு. தீபாவளி லிஸ்ட்டு. இதுலயும் பேருக்கு நேரா ‘மரியாதை’ன்னு ஒரு கட்டம், ஆனா இங்க ரெண்டு கோடு இல்ல, எடை போட்டிருக்கான். சாமியாருக்கு மரியாதை 500 கிராம். சினிமாக்காரருக்கு 800. உங்க அய்யாவுக்கு 1 கிலோ 200, ஜோடிக் குத்துவிளக்கு, வெள்ளி.

உதவியாளர்: அய்யோ, அது ஜோடி இல்லக்கா! ஒண்ணுதான் வீட்டுக்கு வந்துச்சு.

பாக்கியம்: அப்ப இன்னொண்ணு?

(உதவியாளர் சட்டைப் பையில் இருக்கும் மூன்று பேனாக்களையும் சரி செய்கிறார்.)

பாக்கியம்: சரி. அறிக்கை அடிச்சாச்சு. ‘ஒரே ஒரு முறை’யை எடுத்துட்டு ‘சில சந்தர்ப்பங்களில்’னு போட்டிருக்கேன். பக்கத்துக்கு இருபது ரூபா.

உதவியாளர்: அய்யா கணக்குல எழுதிக்கங்க. நாளைக்குத் தர்றேன்.

பாக்கியம்: மரியாதை நிமித்தமாக் கடன் கொடுக்கிறதில்ல தம்பி.

(இருபது ரூபாயை எண்ணி வைக்கிறார். போகவில்லை. பெஞ்சைப் பார்க்கிறார், வாசலைப் பார்க்கிறார்.)

உதவியாளர்: அக்கா... இன்னொரு பேப்பர் அடிக்கணும். புகார் மனு. போலீசுக்கு, பணம் போட்டவங்க கொடுக்கிறாங்கல்ல, அது.

பாக்கியம்: யாருக்கு?

உதவியாளர்: எனக்குத்தான். ரெண்டு லட்சம். வீட்டுல நகையை அடகு வச்சுப் போட்டேன். நாலு மாசம் வட்டி கரெக்டா வந்துச்சு.

(பாக்கியம் ஒன்றும் சொல்லவில்லை. புதுத் தாளைத் திறக்கிறார்.)

பாக்கியம்: பேரு சொல்லுங்க... அப்பா பேரு... தொகை... ரசீது நம்பர்... அடுத்த கட்டம்: ‘யாரை நம்பி முதலீடு செய்தீர்கள்?’

உதவியாளர்: அதுல... ரெண்டு கோடு போட்டுருங்கக்கா.

பாக்கியம்: ரெண்டு கோடு போட்டா மேல இருக்கிறதே கீழயும்னு அர்த்தம். மேல உங்க பேருதான் இருக்கு. உங்களையே நம்பி நீங்க போட்டதா ஆயிரும்.

உதவியாளர்: (வெகு நேரம் கழித்து) இன்னைக்கு அந்தக் கட்டத்தைக் காலியா விடுங்க. அப்புறம் அக்கா, ரெண்டையும் ஒரே கவர்ல போட்டுராதீங்க. வேற வேற கவர்.