கூண்டுக்குப் பின்னால் ஓர் உத்தியோகம்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஏதாவது ஒன்றின் தடகள மைதானத்துக்குப் போய், "எறிதல் கோச் எங்கே இருப்பார்?" என்று கேட்டால் யாரும் விவரமாக வழி சொல்ல மாட்டார்கள், கையை மட்டும் நீட்டுவார்கள். அந்தத் திசையில் நடந்தால் ஓடுபாதை முடியும், காலரி முடியும், கார் நிறுத்துமிடமும் முடியும். அப்புறம் ஒரு புல்வெளி. அதன் மூலையில் ஓங்கி நிற்கும் வலைக் கூண்டு. கூண்டுக்குப் பின்னால் தொப்பியும் தாடியுமாக ஒருவர் செல்போனில் படம் பிடித்தபடி, "பொறு... பொறு... இன்னும் பொறு" என்று கத்திக்கொண்டிருப்பார். அவர்தான்.

இப்படி ஒதுக்கி வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஆண்கள் எறியும், கம்பியில் கோத்த குண்டான ஹேமரின் எடை 7.26 கிலோ. கம்பி, கைப்பிடி எல்லாம் சேர்ந்து 1.2 மீட்டர் நீளம். தேர்ந்த வீரர் நான்கு சுற்றுச் சுற்றிக் கையை விடும்போது அது ஏறத்தாழ மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். கிளம்பிய பொருள் எங்காவது இறங்கித்தானே ஆக வேண்டும்? இறங்கிய இடத்தில் புல் இருக்காது, குழிதான் இருக்கும். கால்பந்துக் கோச் தம் புல்தரைப் பக்கம் இவரை அண்ட விடுவதில்லை. புல்தரையைப் பராமரிப்பவர் முகம் கொடுத்தே பேசுவதில்லை.

ஓட்டக் கோச்சுக்கு ஒரு விசிலும் ஸ்டாப்வாட்சும் போதும். எறிதல் கோச்சுக்குக் குண்டு, வட்டு, ஹேமர், ஈட்டி என்று நான்கு. ஆணுக்கு ஓர் எடை, பெண்ணுக்கு ஓர் எடை என்று எட்டாகும். பயிற்சிக்குக் கொஞ்சம் கனமானது, கொஞ்சம் லேசானது என்று அது மேலும் பெருகும். குளிர்காலத்தில் எல்லாரும் உள்ளரங்குக்குள் போய்விடுவார்கள். அங்கே வட்டுக்கும் ஈட்டிக்கும் ஹேமருக்கும் இடமில்லை, சுவர் தாங்காது. குண்டு மட்டும் உண்டு. ஹேமருக்குப் பதிலாக 'வெயிட்' என்று ஒன்று, ஆண்களுக்கு 35 பவுண்டு, பெண்களுக்கு 20 பவுண்டு. ஹேமரைக் கழுத்தைக் குறுக்கி, மூன்று வேளையும் நெய்ச்சோறு போட்டு வளர்த்தது போல இருக்கும். இத்தனையையும் வேனில் ஏற்றி இறக்குவது யார் வேலை என்று நியமன உத்தரவில் எழுதியிருக்காது. எழுதாத வேலைகளெல்லாம் இவருடையவை.

சரி, இவரை எதற்கு வேலைக்கு வைத்திருக்கிறார்கள்? புள்ளிக்காக. கல்லூரி விளையாட்டுகளை ஆளும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் தேசியப் போட்டியில் முதலிடத்துக்கு 10 புள்ளி, அடுத்து 8, 6, 5 என்று எட்டாம் இடத்துக்கு 1 வரை. 100 மீட்டரில் மின்னலாய் ஓடி வென்றாலும் 10தான். யாரும் பார்க்காத மூலையில் வட்டெறிந்து வென்றாலும் அதே 10தான். தலைமைக் கோச்சிடம் பணம் கேட்கப் போகும்போதெல்லாம் எறிதல் கோச் கையில் எடுக்கும் ஒரே ஆயுதம் இந்தக் கணக்கு.

பணக்கணக்கோ இன்னும் விநோதம். பல்லாண்டுக் காலம், என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவு ஆண்கள் தடகள அணிக்கு மொத்தம் 12.6 ஸ்காலர்ஷிப் என்பதுதான் விதி. அந்தப் புள்ளி ஆறு ஆள் யார் என்று யாரும் விளக்கியதில்லை. அதையும் ஓட்டம், தாண்டல், எறிதல், காடுமேட்டு ஓட்டம் என எல்லாருக்கும் பிய்த்துக் கொடுக்க வேண்டும். 130 கிலோ எடையுள்ள பையனின் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, "உங்கள் மகனுக்குப் புள்ளி நான்கு தருகிறோம்" என்று பெற்றோரிடம் சொல்ல எவ்வளவு மன உறுதி வேண்டும்! 2025-ல் ஒரு நீதிமன்ற உடன்பாட்டின் பேரில் அந்தக் கணக்குப் போய், அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு அணிக்கு 45 பேர் என்ற உச்சவரம்பு வந்தது. முன்பு பின்னத்துக்குச் சண்டை போட்டவர்கள் இப்போது முழு எண்ணுக்குச் சண்டை போடுகிறார்கள்.

கோச்சின் சொந்தக் கணக்கு அதைவிட மோசம். இந்த வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் முன்னாள் எறிதல் வீரர்கள். வேறு யாருக்கு வரத் தோன்றும்? முதலில் மேற்படிப்பு மாணவராக இருந்துகொண்டே உதவிக் கோச். அடுத்து, 2023 வரை இருந்த ஒரு பதவி: 'தன்னார்வ உதவிக் கோச்'. பல்கலைக்கழகம் சம்பளமே தரக்கூடாது என்று விதியே உள்ள பதவி அது. அதில் புதுமுகங்கள் மட்டும் இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். குண்டு எறிதலில் 2016, 2021 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்று, 23.56 மீட்டர் எறிந்து உலக சாதனையும் படைத்த ரயன் கிரௌசர், ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் வகித்த பதவியும் அதுதான். உலகத்திலேயே தலைசிறந்தவருக்கு அந்த மரியாதை என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கவனிப்பாரற்றுப் போவது எறிகிறவர்களின் பிறவிக் குறை போலும். கலிபோர்னியாவில் பாரி ஓ'பிரையன் என்ற வீரர், எறிய வேண்டிய திசைக்கு முதுகைக் காட்டி நின்று, வழுக்கிக்கொண்டே வந்து திரும்பி எறியும் முறையைக் கொண்டுவந்தார். அதைக் கொண்டு 1952, 1956 ஒலிம்பிக்குகளில் தங்கம். குண்டெறிதலில் 60 அடியை முதலில் தாண்டியவரும் அவரே. தாண்டிய தேதி 1954 மே 8. நல்ல நாளாகப் பார்த்தார்! இரண்டே நாள் முன்னால், மே 6-ல், ரோஜர் பானிஸ்டர் நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடியிருந்தார். பானிஸ்டரைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அறிவார்கள். ஓ'பிரையனை எறிதல் கோச்சுகள் அறிவார்கள்.

அந்த வழுக்கு முறையே வேதம் என்று கோச்சுகள் இருபது வருஷம் ஓதிக்கொண்டிருந்தார்கள். எழுபதுகளில் பிரையன் ஓல்ட்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் வட்டெறிவது மாதிரி சுழன்று குண்டை எறிந்து, 1975-ல் 22.86 மீட்டரைத் தொட்டார். பணத்துக்கு ஆடும் தொழில்முறைப் போட்டி என்பதால் அது சாதனைப் பட்டியலில் ஏறவில்லை. மறு ஆண்டே சோவியத் வீரர் பாரிஷ்னிக்கோவ் அதே சுழற்சியில் 22 மீட்டர் எறிந்து முறைப்படி உலக சாதனை செய்தார். அன்றிலிருந்து எறிதல் கோச்சுகள் இரண்டு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் வழுக்கலா, சுழலா என்பதுதான் பேச்சு. சாப்பாடு ஆறிப்போகும். எறிதல் என்பது இரண்டு நொடிகூட நீடிக்காத காரியம். அந்த இரண்டு நொடியில் இடது கால் எப்போது தரை தொட்டது என்று படத்தை நிறுத்தி நிறுத்தி, மாணவனுக்கு அரை மணி நேரம் விளக்குவார்கள். மாணவன் தலையாட்டுவான். அடுத்த எறியிலும் இடது கால் அதே இடத்தில்தான் விழும்.

மாணவன் சொன்னபடி கேட்டாலும் ஆபத்து உண்டு. சோவியத் நாட்டின் பொந்தார்ச்சுக் 1972-ல் ஹேமரில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். யூரி செடிக் என்ற இளைஞருக்குத் தம் வித்தையெல்லாம் சொல்லிக் கொடுத்தார். 1976-ல் மாண்ட்ரியலில் இருவரும் ஒரே போட்டியில் இறங்கினார்கள். மாணவருக்குத் தங்கம், குருவுக்கு வெண்கலம். இதைவிடச் சிறந்த சான்றிதழ் ஒரு கோச்சுக்குக் கிடைக்குமா? ஆனாலும் மேடையில் கீழ்ப்படியில் நின்று அதை வாங்கிக்கொள்வது கொஞ்சம் சங்கடம்தான்.

வீட்டுக்குள்ளேயே கோச் இருந்தால்? ஜோ கோவாக்ஸின் கதை அது. பென்சில்வேனியாவில் படித்த பள்ளியில் எறிய இடமில்லாமல், கார் நிறுத்துமிடத்தில் அம்மா சொல்லிக் கொடுக்க, குண்டெறியப் பழகியவர். பிற்பாடு அவருக்குக் கோச்சானவர் மனைவி ஆஷ்லி. அவர் அப்போது ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் எறிதல் கோச். 2019 தோஹா உலகப் போட்டியில் கடைசிச் சுற்று வரை கோவாக்ஸ் பின்தங்கி இருந்தார். கடைசி எறியில் 22.91. கிரௌசர் 22.90, நியூசிலாந்தின் டாம் வால்ஷும் 22.90. ஒரு சென்டிமீட்டரில் உலகப் பட்டம். அம்மா சொல்லியும் மனைவி சொல்லியும் கேட்டுக்கொண்ட ஓர் ஆண், உலகத்தில் முதலிடத்துக்கு வந்தார் என்பதைப் பெண்கள் பத்திரிகைகள் ஏன் அட்டைப்படக் கதையாக்கவில்லை என்று தெரியவில்லை.

வட்டெறிதல் கோச்சுக்கு மனிதர்களோடு காற்றையும் மேய்க்கும் வேலை. 100 மீட்டரில் முதுகுப்பக்கம் காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டி வீசினால் சாதனை செல்லாது. வட்டெறிதலுக்கு அப்படி வரம்பே கிடையாது. அதிலும் வேடிக்கை, எதிர்க்காற்றுதான் வட்டைத் தூக்கிக்கொண்டு போகும். இதைப் புரிந்துகொண்ட கோச்சுகள் பெரிய ஸ்டேடியங்களை விட்டுவிட்டு, ஓக்லஹோமா மாநிலத்தில் ராமோனா என்ற சிற்றூரின் பொட்டல்வெளிக்குப் படையெடுக்கிறார்கள். ஷுல்ட் என்ற கிழக்கு ஜெர்மானியர் 1986-ல் எறிந்த 74.08 மீட்டர், ஆண்கள் தடகளத்தில் மிக நீண்ட காலம் அசையாமல் நின்ற உலக சாதனை. 2024 ஏப்ரலில் ராமோனாவில் அது 74.35 ஆனது. எறிந்தவர் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்து மாணவர், லிதுவேனியாவின் மைக்கோலாஸ் அலெக்னா. மறு ஆண்டு அதே ஊரில் 75.56. அலெக்னாவின் கோச், அந்தப் பல்கலைக்கழகத்தில் எறிதல் சொல்லித்தரும் மோ சாத்தாரா.

2024 ஆகஸ்டில் பாரிஸில் சாத்தாராவுக்கு வந்த இரண்டு நாளைப் பார்த்தால் இந்த உத்தியோகத்தின் ஜாதகமே தெரிந்துவிடும். 6-ந் தேதி, அவரிடம் பயின்ற கனடாவின் காம்ரின் ராஜர்ஸுக்கு ஹேமரில் தங்கம். 7-ந் தேதி வட்டெறிதல். அலெக்னா 69.97 எறிந்தார். ஒலிம்பிக் சாதனை! முறிந்த பழைய சாதனை யாருடையது? 2004-லிருந்து இருபது ஆண்டு நின்ற 69.89, எறிந்தவர் அலெக்னாவின் அப்பா விர்கிலியுஸ். மகனின் சாதனைக்கு ஒரு நாளாவது ஆயுள் கொடுத்திருக்கலாம் என்று தோன்றும்படி, கொஞ்ச நேரத்தில் ஜமைக்காவின் ரோஜே ஸ்டோனா வட்டத்துக்குள் வந்தார். பெரிதாக யாரும் எதிர்பார்க்காத ஆள். 70.00. மூன்று சென்டிமீட்டரில் தங்கம் போயிற்று.

ஸ்டோனாவின் கோச் யாரென்று பலரும் அதற்குப் பிறகுதான் தேடினார்கள். நான்கு நாள் முன்னால் அதே மைதானத்தில் குண்டெறிந்து மூன்றாவது ஒலிம்பிக் தங்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட, ஆர்கன்சாவின் அந்தப் பழைய தன்னார்வ உதவிக் கோச், ரயன் கிரௌசர்.