பழைய டிஸ்க், புது கேபினெட்: கேள்வி-பதில்

செராமிக் பொம்மைப் பட்டறை நடத்துபவர், விருத்தாசலம்: 12 வருடமாகப் பட்டறையின் டிசைன், ரேட் லிஸ்ட், யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான். மகன் புதிதாக ஒன்று அசெம்பிள் செய்து வைத்திருக்கிறான். பழையதில் உள்ள இரண்டு ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றி அப்படியே இதில் மாட்டிவிடலாமா?

மாட்டலாம். கழற்றுவதற்கு முன்னால் நகல் எடுத்தாயிற்றா?

உங்கள் பட்டறையிலேயே இதற்கு வழக்கம் இருக்கிறது. களிமண் கரைசலை வேலை அச்சில்தான் ஊற்றுகிறீர்கள். தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி அந்த பிளாஸ்டர் அச்சின் முனை மழுங்கும். பிள்ளையாரின் தும்பிக்கை மடிப்பு தெரியாமல் போகும். அப்போது மூல அச்சை எடுத்துப் புதிதாக ஒன்று வார்ப்பீர்கள். மூல அச்சில் யாரும் நேராகக் கரைசல் ஊற்ற மாட்டார்கள். கணக்கு விஷயத்தில் மட்டும் உங்களுக்கு மூல அச்சும் வேலை அச்சும் ஒன்றாகவே இருக்கிறது.

பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது என்பது பெரிய வசதி. வருடக்கணக்கில் ஓடிய டிஸ்க், கழற்றி வைத்து ஆறிய பிறகு மறுபடி சுழல மறுப்பதும் உண்டு. ஆகவே ஓடும்போதே, வெளியில் செருகும் டிஸ்க் ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதில் இறக்குங்கள். நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரை அதன் பிறகு எடுக்கலாம்.

நெய்வேலி வாசகர்: பழைய டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸே புது மெஷினிலும் கிளம்புமா?

சில சமயம் கிளம்பும். அதை நம்பி இறங்காதீர்கள். பழைய டிஸ்க் எம்.பி.ஆர். என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், யூ.இ.எஃப்.ஐ. என்ற புது முறையை மட்டுமே ஏற்கும் இன்றைய போர்டு அதிலிருந்து கிளம்பாது. பழையது விண்டோஸ் 10 என்றால், அதற்கான பொது ஆதரவே 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. புது எஸ்.எஸ்.டி.யில் புதிதாக விண்டோஸ் போடுங்கள். போடும்போது பழைய டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வையுங்கள். மாட்டியிருந்தால், கிளப்பிவிடும் ஃபைல்களை அது பழைய டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடலாம். பிறகு ஒருநாள் அந்தக் கிழட்டு டிஸ்க் போனால் புது மெஷினும் கூடவே படுத்துவிடும்.

பெண்ணாடம் வாசகி: பழைய டிஸ்க்கை மாட்டியதும் ‘இனிஷியலைஸ் செய்யவா’ என்று கேட்கிறது. சரி என்று அழுத்தலாமா அண்ணா?

வேண்டாம் தங்கச்சி. ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்டாலும் வேண்டாம். அந்த டிஸ்க்கின் முகவரிப் பட்டியல் தனக்குப் புரியவில்லை, புதிதாக எழுதட்டுமா என்றுதான் மெஷின் கேட்கிறது. உள்ளே சரக்கு பத்திரமாக இருக்கலாம். இதுவரை அதை யூ.எஸ்.பி. பெட்டிக்குள் வைத்துப் பயன்படுத்தினீர்களா? சில பெட்டிகள் டிஸ்க்கின் செக்டர் அளவை மாற்றிக் காட்டும். நேராக மாட்டினால் பட்டியல் படிக்க வராது. மறுபடி அதே பெட்டியில் போட்டுப் பாருங்கள்.

உளுந்தூர்பேட்டை வாசகர்: எம்.2 எஸ்.எஸ்.டி. போட்டதும் ஒரு ஹார்ட் டிஸ்க் காணாமல் போய்விட்டது!

பல போர்டுகளில் எம்.2 இடமும் ஏதோ ஒரு சாட்டா போர்ட்டும் ஒரே பாதையைப் பகிர்கின்றன. கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள், வந்துவிடும்.

சேத்தியாத்தோப்பு வாசகர்: பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு வந்த பவர் கேபிளையே புது எஸ்.எம்.பி.எஸ்.ஸில் செருகிக்கொள்ளலாமா? முனை பொருந்துகிறது.

முனை பொருந்துவதுதான் ஆபத்து. கேபிளின் டிஸ்க் பக்கத்து முனை எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே வரிசை. சப்ளை பக்கத்து முனைக்கு அப்படிப் பொது விதி கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி, ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல் வரிசை மாறும். 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போனால் டிஸ்க் கருகும்.

எனக்கு இது நேர்ந்திருக்கிறது. கேபிள் கச்சிதமாக உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டேன், டிஸ்க் சுழலவில்லை. அரை நொடி கருகல் வாசம். கழற்றிப் பார்த்தால் பச்சை போர்டின் ஓரத்தில் மிளகளவு கறுப்பு. என் அப்பா எங்களோடு இருந்த கடைசி இரண்டு தீபாவளிப் படங்கள் அதில்தான் இருந்தன. அதே மாடல் போர்டு வாங்கி மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அந்த டிஸ்க்குக்கே உரிய அளவுக் குறிப்புகள் போர்டின் சிப் ஒன்றில் இருக்கின்றன. அதையும் பெயர்த்துப் புது போர்டில் வைக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. புது எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் வந்த கேபிளைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

செராமிக் டிப்ளமோ மாணவர், விருத்தாசலம்: நாங்கள் படிக்கும் செராமிக்குக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் ஏதாவது தொடர்பு உண்டா சார்?

டிஸ்க்கின் உயிரே உங்கள் பாடத்தில்தான் இருக்கிறது தம்பி. தகவலைப் படிக்கும் தலையைத் தாங்கும் சின்னஞ்சிறு சில்லு, அலுமினாவும் டைட்டானியம் கார்பைடும் கலந்து சுட்ட செராமிக். நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்றுச் சுற்றும் தட்டின்மேல், சில நானோமீட்டர் உயரத்தில், காற்றுப் படலத்தில் அது மிதக்கிறது. பத்து லட்சம் நானோமீட்டர் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர். அவ்வளவு நெருக்கத்தில் தேயாமல், கண்ணாடி மாதிரி இழைத்து வைக்க ஏற்ற பொருள் அது. மதர்போர்டில் நூற்றுக்கணக்கில் இருக்கும் எள்ளளவு கெபாசிட்டர்களும் செராமிக்தான். பெரும்பாலானவற்றில் இருப்பது பேரியம் டைட்டனேட்.

ஒன்று சொல்லியாக வேண்டும். பட்டறையில் பறக்கும் களிமண் துகள் அந்த இடைவெளியைவிடப் பல நூறு மடங்கு பெரிது. ஆர்வத்தில் டிஸ்க்கின் மூடியைத் திறந்துவிடாதே. மூடியில் ஊசித்துளை மாதிரி ஒன்று இருந்தால், அது டிஸ்க் மூச்சு விடும் வழி. உள்ளே வடிகட்டி உண்டு. அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டாதே.

மங்கலம்பேட்டை வாசகர்: டிஸ்க்கில் ‘டிக்... டிக்...’ சத்தம்.

உடனே அணையுங்கள். ஓட ஓட மோசமாகும். ஸ்கேன் செய்து சரிபார்க்கும் வேலையெல்லாம் இப்போது வேண்டாம். தகவல் விலைமதிப்பற்றது என்றால் மீட்டுத் தரும் ஆட்களிடம் கொண்டுபோங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, விருத்தாசலம்: டிஸ்க்கை மாற்றிவிட்டேன். ஃபைல்களும் திறக்கின்றன. ஆனால் நான் தட்டச்சு செய்த தமிழெல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிகிறது. எல்லாம் அழிந்துவிட்டதா?

ஒரு எழுத்தும் அழியவில்லை அம்மா. யூனிகோடு பரவும்வரை ஒவ்வொரு ஃபாண்டும் தன் இஷ்டத்துக்கு ஓர் இடத்தில் தமிழ் எழுத்தை வைத்திருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு டாப், டாம் என்ற முறைகள் வந்தன. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல். உங்கள் ஃபைல் நலமாக இருக்கிறது, அதற்குரிய ஃபாண்ட்தான் புது மெஷினில் இல்லை. பழைய டிஸ்க்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை முழுவதும் நகல் எடுத்து, தமிழ் ஃபாண்டுகளைப் புதியதில் நிறுவுங்கள். எழுத்து உயிர்பெறும். பிறகு நிதானமாக, என்.ஹெச்.எம். கன்வெர்ட்டர் போன்ற ஒன்றால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். ஃபைலை எடுத்துக்கொண்டு ஃபாண்டைத் தூக்கிப்போட்டவர்கள் ஏராளம். சங்க மலர், கோயில் மலர், கைப்பட எழுதாத கவிதைகள் என்று எத்தனையோ அப்படிப் படிக்க ஆளில்லாமல் கிடக்கின்றன.

கருவேப்பிலங்குறிச்சி வாசகர்: லேப்டாப் டிஸ்க்கைப் புது மெஷினில் மாட்டினால் 48 இலக்க எண் கேட்கிறது.

அது பிட்லாக்கர் பூட்டு. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் அந்த எண் சேமித்திருக்க வாய்ப்பு அதிகம், அங்கே தேடுங்கள். எண் இல்லாவிட்டால் எந்த மெக்கானிக்காலும் திறக்க முடியாது.

முதல் கேள்வி கேட்ட பட்டறைக்காரரே: எல்லாம் மாற்றியான பிறகு பழைய டிஸ்க்கை எடைக்குப் போட்டுவிடலாமா?

ஒரு வருடம் பொறுங்கள். ஒரு மார்ச் கணக்கும் ஒரு கார்த்திகை அகல்விளக்கு ஆர்டரும் புதியதில் ஓடி முடியட்டும். எது விட்டுப்போயிற்று என்பது அப்போதுதான் தெரியும். அலமாரியில் வைப்பது எஸ்.எஸ்.டி. என்றால் அதை நம்பி வைக்காதீர்கள். எழுதும் ஆயுள் தீர்ந்த வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி., மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும் என்பதே ஜெடெக் அமைப்பு வைத்த அளவுகோல். விருத்தாசலத்துச் சித்திரை 30 டிகிரியோடு நிற்பதில்லை.

எடைக்குப் போடும் நாளில் வெறுமனே டெலிட் செய்து கொடுக்காதீர்கள். முழுவதும் அழித்து, ஹார்ட் டிஸ்க் என்றால் டிரில்லால் தட்டில் ஓட்டை போட்டுக் கொடுங்கள். உங்களை நம்பிய வியாபாரிகளின் போன் நம்பரும் பாக்கிக் கணக்கும் அதில் இருக்கிறது.